நாசி லெமாக் பொட்டலமும் நாட்டு வருமானமும்

2024-ஆம் ஆண்டில் மலேசியப் பொருளாதாரம் 5.1 விழுக்காடு வளர்ந்தது. செய்தியில் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, தெலுக் பங்ளிமா காராங்கிலிருந்து கேரி தீவுக்குப் போகும் சாலையில் ஒரு காலைப்பொழுது போய்ப் பாருங்கள். ஓரமாக ஒரு மடக்கு மேசை, மேலே பெரிய குடை, பிளாஸ்டிக் கூடை நிறைய நாசி லெமாக் பொட்டலங்கள். கொஞ்சம் தள்ளி இளநீர். இன்னும் தள்ளிப் போனால் கயிற்றில் கட்டிய நண்டு. பெயர்ப்பலகை இல்லை, ரசீது இல்லை. செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற ஒருவர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே மூன்று வெள்ளியை நீட்டுகிறார். ஐம்பது காசு திரும்பி வருகிறது. வியாபாரம் முடிந்தது.

அந்த இரண்டரை வெள்ளி நாட்டின் கணக்குக்குள் இருக்கிறதா? இருக்கிறதென்றால் அதை எழுதிக்கொண்டவர் யார்? இல்லையென்றால், இத்தனை பேர் பிழைக்கும் வழியை விட்டுவிட்ட ஓர் எண்ணை நாம் ஏன் நம்ப வேண்டும்?

இருக்கிறது என்பதுதான் பதில். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நின்று யாரும் எழுதவில்லை. எங்கோ சில வீடுகளின் கதவைத் தட்டி, சில கேள்விகளைக் கேட்டு, வந்த பதிலைப் பெருக்கிப் போட்டார்கள். கேள்வி பிசகினால் மேசையும் குடையும் பொட்டலமும் நாட்டுக் கணக்கிலிருந்து காணாமல் போகும். இந்த அத்தியாயம் அந்தக் கேள்விகளைப் பற்றியது.

பெரட்டுக்கு வந்ததும் வராததும்

கணக்கு வைப்பது கேரி தீவுக்குப் புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டத் துரை இங்கே ரப்பர் நட்டார். தீவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு செம்பனை வந்தது. இன்று தீவின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் செம்பனைத் தோட்டம். கோல்டன் ஹோப் என்று இருந்தது, 2007 இணைப்பில் சைம் டார்பி ஆனது, 2024-இல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாறியது.

தோட்டத்துத் தமிழர் அளவுக்கு நுணுக்கமாகக் கணக்கில் வைக்கப்பட்டவர்கள் அந்நாளைய மலாயாவில் குறைவு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் வந்தாரா, அரை நாளா முழு நாளா, எவ்வளவு ரப்பர் பால் கொண்டுவந்தார் என்று எல்லாம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறும். ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற மாட்டுக் கொட்டகை செக்ரோலில் இல்லை. கறந்த பாலைப் பக்கத்து வீடுகளுக்கு ஊற்றியதும் இல்லை. கீரைப் பாத்தி, கோழி, தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்து வாங்கிய காசு, பெண்கள் சேர்ந்து பிடித்த கூட்டு என்ற சீட்டு, எதுவும் இல்லை. (கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971-இல் மலேசியா ஒரு சட்டமே இயற்றியது. பேரேட்டில் இல்லாத ஒன்று சட்டப் புத்தகத்தில் இடம்பிடிக்கிற அளவுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.) தோட்டத்தின் கணக்கு தோட்டத்துக்கு வேண்டியதை எண்ணியது. குடும்பம் எதை வைத்துப் பிழைத்தது என்பது அதன் கவலையல்ல.

பொருளாதார அறிஞர்கள் இந்த வகை உழைப்புக்குப் பெயர் வைத்தது மிகவும் பிந்தித்தான். கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1960-களில் கானாவின் தலைநகரான அக்ராவில், நீமா என்ற ஏழைக் குடியிருப்பில் ஆய்வு செய்தார். வடக்கிலிருந்து பிழைக்க வந்த மக்கள் அங்கே நிறைய. அரசாங்க ஏட்டில் அவர்களில் பலருக்கு வேலை இல்லை. ஹார்ட் பார்த்ததோ வேறு: ஒருவரும் சும்மா இல்லை. விற்றார்கள், தைத்தார்கள், கடன் கொடுத்தார்கள், வாடகைக்கு விட்டார்கள், ஒரே ஆள் மூன்று தொழில் செய்தார். 1971-இல் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னார். கட்டுரை 1973-இல் அச்சானது. அதற்கிடையில், 1972-இல் கென்யா பற்றி அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. தமிழில் இதை முறைசாராப் பொருளாதாரம் என்கிறோம்: பொருளும் சேவையும் சட்டத்துக்கு உட்பட்டவையே, தொழிலின் பெயர் மட்டும் அரசின் ஏட்டில் இல்லை.

கள்ளச் சிகரெட் கடத்துவதும், பெரிய நிறுவனம் இரட்டைக் கணக்கு வைப்பதும் வேறு ரகம். அதற்கு நிழல் பொருளாதாரம் என்று பெயர். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி ஓர் எண் சொல்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. நாசி லெமாக் விற்கும் அக்கா எதையும் ஒளிக்கவில்லை. சாலையோரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

எவ்வளவு பெரியது இது? தொழிலாளர் நிறுவனம் 2018-இல் சொன்ன கணக்குப்படி உலகில் 200 கோடிப் பேர், அதாவது வேலை செய்பவர்களில் 61 விழுக்காட்டினர், முறைசாரா வேலையில்தான் இருக்கிறார்கள்.

கோடு எங்கே விழுகிறது

எண்ணுவதற்கு முன் யாரை எண்ணுவது என்று முடிவு செய்ய வேண்டும். உலகத் தொழிலாளர் புள்ளிவிவர வல்லுநர்கள் 1993-இல் கூடி ஒரு கோடு போட்டார்கள்: தொழில் பதிவாகியிருக்கிறதா, எவ்வளவு சிறியது என்று பார். பத்தாண்டு கழித்து, 2003-இல், அது போதாது என்று இரண்டாவது கோடு போட்டார்கள்: தொழிலை விடு, அந்த ஆளின் வேலைக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்.

மலேசியப் புள்ளிவிவரத் துறை முதல் கோட்டை ஏறத்தாழ இப்படிப் போடுகிறது: நிறுவனங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்திலோ, ஊராட்சி மன்றத்திலோ, தொழில்முறைக் கழகத்திலோ பதியாத தொழில். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்வது. செய்யும் பொருளில் ஒரு பங்காவது விற்பனைக்கோ பண்டமாற்றுக்கோ போவது.

இந்தக் கோட்டைத் தீவின்மேல் வைத்துப் பார்ப்போம். பதிவில்லாத நாசி லெமாக் மேசை, தடையில்லாமல் உள்ளே. சுங்கை பும்புன் கம்பத்தில் மா மெரி ஓராங் அஸ்லி மக்கள் இருக்கிறார்கள். நீரே பத்து என்ற சதுப்புநிலக் காட்டு மரத்தில் மூதாதையர் ஆவிகளின் முகமூடிகளைச் செதுக்குவதில் பேர் பெற்றவர்கள். பதிவு இல்லாமல் முகமூடி விற்கும் சிற்பி உள்ளே; அவர் செய்வது உற்பத்தித் தொழில். ஆனால் அதே சிற்பி காலையில் ஓதம் பார்த்து நண்டுக்குப் போனால் அந்தக் காலைப்பொழுது வெளியே. விவசாயத்தையும் மீன்பிடிப்பையும் தனியே ஒதுக்கிவைக்கலாம் என்று 1993-ஆம் ஆண்டுத் தீர்மானமே இடம் கொடுத்தது. எண்ணுவது கடினம் என்பது தவிர அதற்குப் பெரிய காரணம் கிடையாது.

இன்னொருவர்: பதிவு பெற்ற ஒரு கடலுணவுக் கடையில் தட்டு கழுவும் பெண். கடைக்கு எல்லா உரிமமும் உண்டு. அவருக்கு ஊழியர் சேமநிதியும் இல்லை, சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பும் இல்லை என்றால்? முதல் கோட்டின்படி அவர் முறைசார்ந்தவர். இரண்டாவதன்படி முறைசாராதவர். பாத்திரம் அதே பாத்திரம்.

முதல் கோட்டை வைத்து எண்ணியபோது மலேசியாவில் 2015-இல் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள். 2019-இல் சுமார் 12.6 லட்சம். குறைந்துவிட்டது என்று மகிழலாமா? எஸ்.எஸ்.எம்-மில் தன் சொந்தப் பெயரில் வியாபாரத்தைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளிதான். உதவித்தொகை வாங்கவோ கடன் கேட்கவோ ஒருவர் போய்ப் பதிந்துவிட்டால் அன்றைக்கே கோட்டுக்கு வெளியே போய்விடுவார். மறுநாள் விடிகாலையில் அதே அடுப்பு, அதே சட்டி, அதே லாபம். இறங்கிய எண்ணில் இது எவ்வளவு, உண்மையான மாற்றம் எவ்வளவு என்று அந்த எண்ணே சொல்லாது.

விடிகாலை மூன்று மணிக்கு என்ன செய்தீர்கள்?

சரி, கோடு போட்டாயிற்று. ஆட்களை எங்கே தேடுவது? பதிவேட்டில் தேடினால் பதியாதவர் கிடைக்க மாட்டார். அதனால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். மலேசியாவில் தொழிலாளர் கணக்கெடுப்பு மாதந்தோறும் நடக்கிறது. தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ஆட்கள் போய்க் கேட்கிறார்கள். அடிப்படை விதி மிகவும் தாராளமானது: குறிப்பிட்ட ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமாவது கூலிக்கோ லாபத்துக்கோ, குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமலோ வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர்.

தாராளம் விதியில் இருக்கிறது. வாசற்படியில் அது தடுக்கி விழுகிறது. கதவைத் திறப்பவர் பெரும்பாலும் வீட்டுத் தலைவர். “நீங்க?” “லோரி ஓட்டுறேன்.” “உங்க மனைவி?” “அவ வீட்லதான் இருக்கா.” உள்ளே அடுப்பில் சம்பல் கொதித்துக்கொண்டிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. வேலை என்றால் காலையில் கிளம்பிப் போவது, மாதக் கடைசியில் சம்பளம் வருவது என்பது தோட்டத்துச் செக்ரோல் மூன்று தலைமுறைக்கு ஊட்டிய பாடம். மனைவியைக் கேட்டாலும் இதே பதில் வர வாய்ப்பு அதிகம்.

இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்தச் சிக்கலோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கு நின்றது. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவருக்கு 92 என்று ஒரு குறியீடு. வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் சேகரிப்பது, குடும்பத்துக்குத் தைப்பது என்று செய்பவருக்கு 93. இரண்டுமே உழைப்பாளர் படைக்கு வெளியே. 93-ஐ உருவாக்கியவர்களுக்கு ஏதோ விட்டுப்போகிறது என்று தெரிந்திருக்கிறது. உள்ளே எடுக்க மட்டும் மனம் வரவில்லை. அகமதாபாத்தில் 1972-இல் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கிய இலா பட் எதிர்கொண்டதும் இதைத்தான். முதலாளி யாரென்று காட்ட முடியாத பெண்களுக்குத் தொழிற்சங்கம் எப்படிப் பதிவது என்று அதிகாரிகள் கேட்டார்கள்.

ஒரு வழி, ‘வேலை’ என்ற சொல்லையே எடுக்காமல் கேட்பது. 1998-99-இல் இந்தியா ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. நேற்று எழுந்தது முதல் படுத்தது வரை என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேட்பதுதான் அதன் முறை. கேரி தீவில் அப்படிக் கேட்டால் உரையாடல் இப்படிப் போகும்:

“மூணு மணிக்கு?”

“தேங்காப்பால் புழிஞ்சேன்.”

“வீட்டுக்காம்மா?”

“அவ்வளவும் வீட்டுக்கா? விக்கத்தான்.”

இரண்டு கேள்வியில் ஒரு வியாபாரம் பிறந்துவிட்டது. இப்படி எல்லா வீட்டிலும் கேட்கச் செலவும் நேரமும் ஏராளம் என்பதால்தான் நாடுகள் இதை எப்போதோ ஒருமுறை செய்கின்றன.

அறுபது பொட்டலம்

இனி அந்த அக்காவின் வியாபாரத்தை முழுதாக ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஆனால் நடப்புக்கு ரொம்ப தூரமல்ல.

நாளைக்கு 60 பொட்டலம், ஒன்று இரண்டரை வெள்ளி. கைக்கு வருவது 150 வெள்ளி. செலவு: அரிசி ஐந்து கிலோ 18 வெள்ளி, தேங்காய்ப்பால் 16, நெத்திலி 14, மிளகாய், வெங்காயம், பெலாச்சான் எல்லாம் சேர்த்து 10, முட்டை 7, கடலையும் வெள்ளரிக்காயும் 7, வாழையிலையும் தாளும் 6, கேஸ் 6. கூட்டினால் 84.

நாட்டுக் கணக்கில் சேர வேண்டியது 150 அல்ல. அரிசியின் விலை நெல் விளைத்தவர், ஆலைக்காரர் கணக்கில் ஏற்கெனவே ஏறிவிட்டது. முட்டை கோழிப்பண்ணைக் கணக்கில். மறுபடி சேர்த்தால் ஒரே முட்டையை இரண்டு முறை எண்ணியதாகும். 150-இல் 84 போக மிஞ்சும் 66 வெள்ளிதான் இந்த அடுப்பு நாட்டுக்குப் புதிதாகச் சேர்த்தது. இதைக் கூட்டிய மதிப்பு என்பார்கள். மாதம் 25 நாள் என்றால் 1,650 வெள்ளி. 2025 பிப்ரவரியில் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதற்கு ஐம்பது வெள்ளி கீழே.

மா மெரி சிற்பியின் கணக்கு இதற்குத் தலைகீழ். மரம் காட்டிலிருந்து வருகிறது; உளி தேய்மானமும் படகு எண்ணெயும்தான் செலவு. முகமூடி விலையில் கிட்டத்தட்ட முழுவதும் கூட்டிய மதிப்பு. ஆனால் ஒரு மாதம் இரண்டு விற்கும், அடுத்த மாதம் ஒன்றும் விற்காது.

மேலே சொன்ன 66 சுத்தமான எண்ணாகத் தெரிகிறது. பக்கத்தில் போனால் அப்படி இல்லை. அடுப்பில் இருக்கும் 14 கிலோ கேஸ் தோம்பு வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் ஒன்றுதான். ஆறு வெள்ளி என்று நான் பிரித்தது குத்துமதிப்பு. அதே சட்டிச் சம்பலில் இரண்டு கரண்டி பிள்ளைகள் தட்டுக்குப் போகிறது. ஐக்கிய நாடுகளின் தேசியக் கணக்கு விதிப்படி, சொந்தக் குடும்பத்துக்குச் சமைப்பது உற்பத்தி ஆகாது. விற்பதற்குச் சமைப்பது உற்பத்தி. ஆக ஒரே சட்டியில் கொதிக்கும் சம்பலில் ஒரு பங்கு நாட்டு வருமானத்துக்குள்ளும் இன்னொரு பங்கு வெளியிலும் இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் அடுப்படிப் பக்கம் அதிகம் போனதாகத் தெரியவில்லை.

பிறகு உழைப்பு. அக்கா ஏழு மணி நேரம் வேலை செய்கிறார். கணவர் ஒரு மணி நேரம் சாமான் வாங்கி வருகிறார். மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் பொட்டலம் மடிக்கிறாள். யாருக்கும் சம்பளம் இல்லை. இந்த 66 வெள்ளியில் எது கூலி, எது லாபம் என்று பிரிக்க வழியில்லாததால் இதைக் கலப்பு வருமானம் என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். ஒன்பதரை மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் மணிக்கு ஏழு வெள்ளிகூட இல்லை.

தெற்கிலங்கையில் ஒரு சோதனை

ஆனால் கணக்கெடுப்பாளருக்கு 150-உம் தெரியாது, 84-உம் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிக் கேட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வரலாம்? இதைச் சோதித்த மிக நல்ல ஆய்வு நமக்கு அண்டையில்தான் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005-இலிருந்து, இலங்கையின் தெற்கிலும் தென்மேற்கிலும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் குட்டித் தொழில்களைப் பின்தொடர்ந்தார்கள். சில்லறைக் கடை, தையல், லேஸ் பின்னல், சமைத்து விற்பது. முடிவு 2009-இல் வெளிவந்தது.

சிலரிடம் விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வரிவரியாகக் கேட்டார்கள். எல்லாச் செலவும் போக உங்களுக்கு எவ்வளவு நின்றது என்று நேராகவும் கேட்டார்கள். சிலருக்குக் கணக்குப் புத்தகம் கொடுத்து அன்றாடம் எழுதச் சொன்னார்கள். சில கடைகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்பி, விற்பனையைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பிறகு கடைக்காரர் சொன்னதோடு ஒப்பிட்டார்கள்.

கடைக்காரர்கள் விற்பனையைச் சுமார் 30 விழுக்காடு குறைத்துச் சொன்னது தெரிந்தது. அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. விவரமாகக் கேட்டால்தான் துல்லியம் என்று நாம் நினைப்போம். இங்கே “உங்களுக்கு எவ்வளவு நின்றது” என்ற ஒற்றைக் கேள்விதான் உண்மைக்குப் பக்கத்தில் வந்தது. புத்தகம் எழுதியவர்களின் விற்பனையும் செலவும் இரண்டுமே உயர்ந்தன. லாபம் மட்டும் பெரிதாக அசையவில்லை.

நம் அக்காவை வைத்துப் பார்த்தால் ஒரு காரணம் புரியும். நெத்திலி மலிவாகக் கிடைத்தது என்று இந்த மாதம் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிட்டார். கணக்கெடுப்பாளர் இந்த மாத விற்பனையிலிருந்து இந்த மாதச் செலவைக் கழிக்கிறார். லாபம் சரிந்து விழுகிறது. அடுத்த மாதம் கேட்டால் துள்ளி எழும். அக்காவின் மனக்கணக்கு இந்தக் குளறுபடியை எப்போதோ சரிசெய்துவிட்டது. மாதம் எவ்வளவு நிற்கும் என்று அவருக்குத் தெரியும், கூட்டுப் பணம் கட்டுவது அதிலிருந்துதானே.

என்னைக் கேட்டால் அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ப்பேன்: நேற்று எத்தனை கிலோ அரிசி போட்டீர்கள்? பணத்தைச் சொல்லத் தயங்குகிறவர் அரிசியைச் சொல்லத் தயங்க மாட்டார். ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டு பொட்டலம் என்றால் மிச்சக் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு பதில், ஐந்நூறு வீடு

எல்லா வீட்டுக்கும் போக முடியாது. மாதிரியாகச் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் அதுபோன்ற பல வீடுகளுக்குப் பிரதிநிதியாக வைக்கிறார்கள். நம் அக்காவின் வீடு 500 வீடுகளுக்குப் பிரதிநிதி என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நின்றவர் “அவ வீட்லதான் இருக்கா” என்று சொன்ன அந்த நொடியில் 500 பெண்கள் வேலையிழந்தார்கள். மாதம் 825,000 வெள்ளி நாட்டுக் கணக்கிலிருந்து மறைந்தது. பெருக்கல் பிழையைச் சரிசெய்யாது, பெரிதாக்கும்.

யாருடைய கதவையும் தட்டாத இடங்களும் உண்டு. தொழிலாளர் கணக்கெடுப்பு குடும்பங்கள் வாழும் வீடுகளுக்குத்தான் போகிறது. விடுதிகளுக்கும் கட்டுமானத் தளக் கொட்டகைகளுக்கும் போவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அங்கேதான் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் தூங்குகிறார்கள்.

நண்டு பிடிப்பவருக்கு வலைக்கண் அளவு தெரியும். பெரிய கண்ணில் சின்ன நண்டு நழுவிவிடும். கணக்கெடுப்பிலும் அப்படித்தான் கண் சிறிதாகிக்கொண்டே போக வேண்டும். 1993-இல் கேமரூனின் யாவுண்டே நகரில் தொடங்கி ஆய்வாளர்கள் இதை மூன்று படியாக்கினார்கள். முதலில் வீட்டுக்குப் போய் யார் என்ன வேலை என்று கேட்பது. அதில் பதியாத தொழில் வைத்திருப்பதாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் மறுபடி போய் வரவு, செலவு, முதலீடு கேட்பது. மூன்றாவதாக, குடும்பங்கள் சாமானை எங்கே வாங்குகின்றன என்று கேட்டு, சாலையோரத்திலும் சந்தையிலும் செலவழித்ததை அந்தப் பக்கத்திலிருந்து சரிபார்ப்பது. விற்றவர் குறைத்துச் சொன்னாலும் வாங்கியவர் சொல்லிவிடுவாரே. ‘1-2-3’ என்ற பெயரில் இந்த முறை ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா என்று பல நாடுகளுக்குப் பரவியது. செலவு அதிகம் என்றாலும், எனக்குத் தெரிந்த முறைகளில் இதுதான் நேர்மையானது.

மேலிருந்து பார்ப்பவர்கள்

கதவைத் தட்டாமலே கண்டுபிடிக்கலாம் என்கிற ஒரு கூட்டமும் உண்டு. ரொக்கப் பணம் தேவைக்கு மேல் புழங்கினால் மறைவான வியாபாரம் நடக்கிறது என்று பொருளியலாளர் விட்டோ டான்சி கணக்குப் போட்டார். மின்சாரச் செலவு பதிவான வளர்ச்சியைவிட வேகமாக ஏறினால் மிச்சம் பதிவாகாத பொருளாதாரம் என்று 1990-களில் காஃப்மனும் காலிபெர்டாவும் வாதிட்டார்கள். 2012-இல் ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வைல் மூவரும் செயற்கைக்கோள் படம் பிடித்த இரவு வெளிச்சத்தை வைத்தே பொருளாதார வளர்ச்சியை அளந்து காட்டினார்கள்.

நாடுகளை ஒப்பிட இவை உதவும். தீவுக்கு உதவாது. கேரி தீவுக்கு வடக்கே இண்டா தீவில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகம் இரவெல்லாம் பகல்போல எரிகிறது. செம்பனைத் தோட்டமோ வானத்திலிருந்து பார்த்தால் கருப்புத்தான். நண்டுக்குப் போகிறவரின் தலைவிளக்கு எந்தச் செயற்கைக்கோளிலும் விழாது. ரொக்க முறையும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது: நாசி லெமாக் குடைக்கம்பியில் கியூஆர் குறியீட்டு அட்டை தொங்குகிறது. பணம் வங்கி வழியாகப் போகிறது. வியாபாரம் இன்னும் பதிவாகவில்லை.

எண் மாறினால் என்ன ஆகும்

சில வேளை நாடே மாறிப்போனதுபோல ஆகும். 1987-இல் இத்தாலி பதிவாகாத தொழில்களையும் சேர்த்துக் கணக்கைத் திருத்தி, பிரிட்டனை முந்திவிட்டதாக அறிவித்தது. 2010-இல் கானா பழைய அடிப்படை ஆண்டை விட்டுப் புதிதாகக் கணக்கிட்டபோது பொருளாதாரம் 60 விழுக்காடு பெரிதானது. 2014-இல் நைஜீரியா 89 விழுக்காடு. கைத்தொலைபேசி, திரைப்படம் போன்ற புதிய தொழில்களும் சேர்ந்த உயர்வு அது என்றாலும், அதற்கு முந்தின நாளும் அந்தக் கடைகளெல்லாம் திறந்துதான் இருந்தன. மலேசியாவிலும் 2020-இல் வறுமைக்கோட்டு வருமானத்தை 980 வெள்ளியிலிருந்து 2,208 வெள்ளியாகத் திருத்தினார்கள். 2016-இல் 0.4 விழுக்காடு என்று அறிவித்திருந்த வறுமை, புதிய கோட்டின்படி 2019-இல் 5.6 விழுக்காடு என்று தெரிந்தது.

எண்ணில் இல்லாதவருக்கு என்ன நட்டம்? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சம்பள மானியம், சொக்சோவில் பதிந்த முதலாளிகள் வழியாகப் போனது. முதலாளியும் இல்லாமல் சொக்சோவும் இல்லாமல் இருந்தவருக்கு அந்த வாய்க்கால் எட்டவில்லை. சொந்தத் தொழில் செய்பவருக்கான சொக்சோச் சட்டம் 2017-லேயே வந்துவிட்டது, டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கி 2020-இல் அங்காடி வியாபாரிகளுக்கும் மீனவர்களுக்கும் விரிந்தது. ஆனால் அதில் சேர ஒருவர் தாமாகப் போய்ப் பதிய வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் போகும் மகன்

நம் கற்பனைக் குடும்பத்துக்கு ஒரு மகனையும் கொடுப்போம். கிள்ளானில் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனை எங்கே வைப்பது? சொந்தத் தொழில் என்றால், விலையை வைப்பது அவனல்ல, செயலி. சம்பள வேலை என்றால், சம்பளச் சீட்டு இல்லை. 2018-இல் தொழிலாளர் புள்ளிவிவர வல்லுநர்கள் கூடி இவர்களைப் போன்றவர்களுக்காகச் சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர் என்று ஒரு புதிய பெட்டியைத் திறந்தார்கள். 2023-இல் முறைசாராப் பொருளாதாரம் பற்றிய தீர்மானத்தையே திருத்தி எழுதினார்கள். மலேசிய நாடாளுமன்ற மக்களவை 2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது.

அவன் நேற்று எத்தனை நடை போனான், எங்கே எத்தனை நிமிடம் காத்திருந்தான், ஒவ்வொரு நடைக்கும் எத்தனை காசு என்பது ஒன்றுவிடாமல் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. தோட்டத்துச் செக்ரோல்கூட அத்தனை நுணுக்கமாக இருந்ததில்லை. பெட்ரோலுக்கும் பழுதுக்கும் அவன் கொடுத்தது மட்டும் அதில் இல்லை. கூட்டிய மதிப்பைக் கணக்கிட அதுதான் வேண்டும். அதை அவனிடமே கேட்க வேண்டும், கணக்கெடுப்பாளர் வரும் நேரத்தில் அவன் வீட்டில் இருப்பதில்லை. அவனுக்குப் பதிலாக அம்மா சொல்கிறார்: “அவன் ஏதோ ஓட்டிக்கிட்டு இருக்கான், நல்ல வேலை இன்னும் கிடைக்கல.” படிவத்தில் அதற்கு என்ன குறியீடு போடுவது என்பது, கேட்பவர் அடுத்து என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தது.